வடக்கே தோண்டச் சொன்ன குரல்

காலை ஒன்பதரைக்கு நான் குவாரிக்குள் நுழைந்தபோது மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. டிப்பர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. எடை மேடை அறையின் ஜன்னலிலிருந்து அக்கா கையை ஆட்டினாள். லாரிகளுக்கு எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பது அவள் வேலை. அவள் கணவர், என் மச்சான், அதே குவாரியில் லோடர் ஓட்டுகிறவர். நான் வண்டிகளுக்கு மின்சார வேலை பார்ப்பவன். மொத்தக் குடும்பமும் அந்த ஒரே பள்ளத்தை நம்பித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

மச்சான் ஷெட் ஓரம் லோடரை நிறுத்திவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாடா மாப்ள, வந்துட்டியா? உன் கைவேலை எப்படி மணக்குதுன்னு நீயே வந்து மோந்து பாரு."

பேட்டரிப் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. ஒரு பேட்டரி கை வைக்க முடியாத சூட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து பேட்டரி செத்த மாதிரி கிடந்தது.

என் கைவேலைதான். அந்த நேரத்தில் நான் யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். லோடர் மாதிரி பெரிய வண்டிகள் இருபத்து நான்கு வோல்ட்டில் ஓடுபவை. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி இரண்டைக் கோத்து வைத்திருப்பார்கள். குவாரியில் வாங்கிய வயர்லெஸ் செட்டுகளோ ஜீப்பில் மாட்டுகிற பன்னிரண்டு வோல்ட் செட்டுகள். நேராகக் கொடுத்தால் புகைந்து போகும். நடுவில் கன்வெர்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி வைத்து இருபத்து நாலைப் பன்னிரண்டாக இறக்க வேண்டும்.

ஆறு மாதத்துக்கு முன் மச்சான் அவசரப்படுத்தினார், என் கையில் கன்வெர்ட்டர் இல்லை. இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் வயரை இழுத்துச் செட்டுக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் தொழிலில் பாதிப் பேர் செய்கிற திருட்டு வேலை இது. அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் செட் எப்போதும் அந்த ஒரு பேட்டரியை மட்டும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். வண்டியோ இரண்டு பேட்டரியையும் ஒன்றாக நினைத்துச் சார்ஜ் ஏற்றும். ஒன்று பட்டினி கிடக்கும், இன்னொன்று தின்று தின்று கொதிக்கும்.

அந்த வயரை வெட்டி எடுத்தேன். செட்டின் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"கன்வெர்ட்டர் கொண்டுவந்திருக்கேன் மச்சான். சூடு ஆறட்டும். அரை மணி நேரத்துல மாட்டிடறேன்."

டிப்பர்காரன் ஹாரனை அமுக்கி உயிரை வாங்கினான். மச்சான் அவனைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு ஏணியில் ஏறினார்.

"ஒரே ஒரு லோடு. போட்டுட்டு வந்துடறேன்."

"செட் இல்லையே?"

"நான் என்ன கச்சேரியா பண்ணப் போறேன்?"

நான் சிரித்தேன். "சரி, ஒரு லோடுதானே, போய்ட்டு வாங்க" என்றேன்.

என் வாயால் சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த வாயில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பத்து நிமிஷம்கூட இருக்காது. பள்ளத்தின் மேல்விளிம்பில் நின்ற சூப்பர்வைசர், கழிவு மண் மேட்டில் விரிசல் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். "எல்லாரும் வெளிய வாங்க! லோட விட்டுட்டு வாங்க!" என்று கையிலிருந்த செட்டில் கத்தினார். பள்ளத்துக்குள் இருந்த நான்கு டிப்பர்களும் அப்படியே திரும்பின. லோடர் மட்டும் தெற்கு மூலையில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது. நான் ஷெட்டிலிருந்து ஓடினேன். கத்தினேன். என்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

மேடு மெதுவாகத்தான் இறங்கியது. இறங்கி முடித்தபோது பள்ளத்தின் பாதி நிரம்பியிருந்தது. பச்சை மண் வாசனை மேலே ஏறி வந்தது.

அக்கா கையில் பேனாவோடு ஓடி வந்தாள். "எங்கடா அவரு?" என்றாள். நான் மண்ணைப் பார்த்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "செட்ல கூப்பிட்டீங்களா? கேட்டுச்சா அவருக்கு?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சூப்பர்வைசர் கையிலிருந்த செட் கரகரத்தது.

"நான் இங்க இருக்கேன்."

மச்சானின் குரல்.

கூட்டம் ஓவென்று கத்தியது. யாரோ என் முதுகில் அறைந்தார்கள். அக்கா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். "உயிரோட இருக்காரு, உயிரோட இருக்காரு" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

என் கை சட்டைப்பைக்குப் போனது. ஃபியூஸ் அங்கேயே இருந்தது.

"வடக்குப் பக்கம்," என்றது செட். "வடக்குப் பக்கம் தோண்டு."

அந்த லோடரில் செட்டுக்கு மின்சாரம் கிடையாது. வெட்டின வயரை நானே சுருட்டி ஷெட்டில் போட்டிருந்தேன். ஆனாலும் மனசு ஆயிரம் சமாதானம் சொன்னது. மச்சான் கைகாரர். இருட்டில் தடவித் தடவி, ஒரு துண்டு வயரை வைத்து அவரே ஏதாவது கோத்திருக்கலாம். பேட்டரிப் பெட்டி கேபினுக்கு வெளியே இருக்கிறது என்பதை நினைக்கவே கூடாது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பொக்லைன் என்ஜினைப் பிரித்துப் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. பக்கத்துக் குவாரியிலிருந்து ஒன்றை வரவழைத்தார்கள். அதை ஓட்டி வந்தவரை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். கேபினுக்குள் கூனிக்கொண்டுதான் உட்காருவார். அவர் வண்டியில் செட் இல்லை.

"அவர் சொல்லச் சொல்ல நெட்டை தோண்டணும். ஒரு செட்டை அதுல மாட்டு," என்றார் சூப்பர்வைசர்.

ஜீப்பிலிருந்து செட்டைக் கழற்றினேன். அதுவும் பன்னிரண்டு வோல்ட். பொக்லைனும் இருபத்து நாலு. மச்சானுக்காக வாங்கின கன்வெர்ட்டரைத்தான் எடுத்தேன். இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து இணைப்புக் கொடுத்து, ஃபியூஸ் வைத்து, எர்த் வயரை இறுக்கினேன். ஆறு மாதத்துக்கு முன்னால் இந்தப் பொறுப்பு எங்கே போயிருந்தது என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் தெற்கு மூலையிலிருந்து ஒரு டிப்பர் டிரைவர் கத்தினார். மண்ணில் காதை வைத்துப் படுத்திருந்தார்.

"இங்க தட்டுற சத்தம் கேக்குது!"

நானும் ஓடிப்போய்ப் படுத்தேன். ஈர மண் கன்னத்தில் ஒட்டியது. முதலில் என் இதயம் அடிப்பதுதான் கேட்டது. அப்புறம் அடியாழத்தில், மிக மெல்லிசாக.

ணங். ணங். ணங்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று.

செட் கரகரத்தது. "தெற்குல யாரும் இல்ல. வடக்கே தோண்டு."

சூப்பர்வைசர் என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. "லோடர் நின்னது தெற்கு மூலையில. நானே பார்த்தேன். மண்ணு தள்ளிட்டுப் போயிருக்கலாம், இல்லன்னு சொல்லல. ஆனா இருக்கறது ஒரே மிஷின். ரெண்டு பக்கமும் தோண்ட முடியாது. லோடர்ல செட்டு மாட்டினது நீதான். அது நல்லா வேலை செய்யுதா? அதை நம்பலாமா?"

அக்கா பக்கத்தில் நின்றாள். என் கண்ணையே பார்த்தாள்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வயரை வெட்டிவிட்டேன், ஃபியூஸ் என் பையில் இருக்கிறது, செட் இல்லாமல் அவரை உள்ளே அனுப்பியவனே நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கம் பாதி, ஆசை பாதி. அந்தக் குரல் மச்சானுடையதாக இருந்துவிடக் கூடாதா என்று தவித்தேன்.

"நல்லா வேலை செய்யுது," என்றேன்.

பொக்லைன் வடக்கே திரும்பியது.

நெட்டையின் கேபினில், அவர் இருக்கைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு மைக்கைப் பிடித்திருந்தேன். வானம் மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் சேறு தெறித்தது. குரல் சொல்லச் சொல்ல நெட்டை வாளியை இறக்கினார்.

"இடது பக்கம்."

"இன்னும் கீழ."

"நிறுத்தாத."

மச்சானின் குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் மூச்சு வாங்கவில்லை. மண்ணுக்கடியில் இரண்டு மணி நேரமாக இருக்கிற மனுஷன் தண்ணீர் கேட்கவில்லை, பொண்டாட்டியைக் கேட்கவில்லை. நான் "மச்சான், அடிபட்டிருக்கா?" என்று கேட்டேன். "தோண்டு" என்றது. "அக்கா இங்கதான் இருக்கா, ஏதாவது சொல்லணுமா?" என்றேன்.

"தோண்டு."

நெட்டை ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். "உங்க மச்சான் கொஞ்சம் கறார் பேர்வழியோ?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

மதியம் ஒன்று ஆனது. இரண்டு ஆனது. தெற்கே பத்துப் பேர் மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். அந்த மலைக்கு மண்வெட்டி எந்த மூலைக்கு? நெட்டை வண்டியை நகர்த்துவதற்காக ஒரு நொடி என்ஜினைத் தணிக்கும்போதெல்லாம் நான் தெற்கே காதைத் தீட்டினேன். தூரத்தில் டிப்பர் டிரைவர் கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டுவார். இன்னும் தட்டுகிறது என்று அர்த்தம்.

இரண்டரை மணிக்கு அவர் கையைத் தூக்கவில்லை.

கேபினுக்குள் நாற்றம் வந்தது. அழுகின முட்டை நாற்றம். இந்த வண்டியின் பேட்டரிகளைக் காலையில் நானே பார்த்தேன். இரண்டும் புதுசு, இரண்டும் சில்லென்று இருந்தன. நாற்றம் அங்கிருந்து வரவில்லை. செட்டின் ஒலிபெருக்கித் துளைகளிலிருந்து வந்தது.

மைக்கை அழுத்தினேன்.

"மச்சான். செட்டுக்குக் கரண்ட் எங்கேருந்து எடுத்தீங்க?"

மறுபடி அழுத்தினேன்.

"வயரை நான் வெட்டிட்டேன். ஃபியூஸ் என்கிட்ட இருக்கு. கரண்ட் எங்கேருந்து வருது?"

நெட்டையின் கை நெம்புகோலில் அப்படியே நின்றது. கூரையில் மழைத்துளிகள் விழத் தொடங்கின.

பிறகு குரல் வந்தது. மச்சானின் குரலைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ பேசுகிற மாதிரி.

"தோண்டு."

கன்வெர்ட்டரிலிருந்து செட்டுக்குப் போகும் வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். பிய்த்துக்கொண்டு வந்தது. செட்டின் பச்சை விளக்கு அணைந்தது.

"இன்னும் ரெண்டு வாளிதான்," என்றது செட்.

நெட்டை கிசுகிசுத்தார். "அண்ணே. வயரு உங்க கையில இருக்கு."

அவர் பயத்தில் எதையோ தட்டியிருக்க வேண்டும். வாளி தானாகக் கீழே இறங்கியது. இரும்பு இரும்பில் மோதியது.

அது லோடர்தான். ஆனால் எங்கள் லோடர் இல்லை. துரு தின்று ஓட்டை விழுந்த பழைய வண்டி. அந்த மாதிரி வண்டியை நாங்கள் யாருமே ஓடிப் பார்த்ததில்லை. மண்ணைத் துடைத்தபோது கேபின் தெரிந்தது. உள்ளே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் ஒருவராக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எலும்பு விரல்கள் ஸ்டியரிங்கில் இருந்தன. அந்தக் கேபினில் செட் இல்லை, செட் மாட்டின அடையாளம்கூட இல்லை. பேட்டரி இருந்த இடத்தில் துருப்பொடி கிடந்தது.

"இந்தக் குவாரி நம்ம முதலாளி கைக்கு வந்தே பத்து வருஷம்தான் ஆகுது," என்றார் சூப்பர்வைசர். "அதுக்கு முன்னாடி யார் இருந்தா, யார் செத்தா, யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாமல் கிடந்தவருக்கு வெளியே வர வேண்டியிருந்தது. அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

நான் தெற்கே ஓடினேன். ஓடிக்கொண்டே எல்லாவற்றையும் கத்திச் சொன்னேன். வயர், ஃபியூஸ், ஒரு லோடு, எல்லாம். யார் காதில் விழுந்ததோ தெரியாது. நெட்டை பொக்லைனைத் திருப்பி, அந்த மழையில், உயிரைக் கொடுத்துத் தோண்டினார். நான் கையால் தோண்டினேன். என் நகங்கள் பிய்ந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

ஐந்து மணிக்கு மச்சானை எடுத்தோம். கேபின் நசுங்கவில்லை. கையில் பெரிய ஸ்பானர் இருந்தது. கூரையின் உள்பக்கம் ஒரே இடத்தில் பெயின்ட் உதிர்ந்து, தகரம் குழியாகியிருந்தது. உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

டாக்டர் அவர் கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ரொம்ப நேரம் ஆகல. கொஞ்சம் முன்னாடி எடுத்திருந்தா..."

இரண்டு வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். அதற்கு முன் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. அவள் சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு அட்டைப்பெட்டி. லோடரிலிருந்து எடுத்த மச்சானின் பொருள்களைக் கம்பெனிக்காரர்கள் கொடுத்திருந்தார்கள். செருப்பு, சாப்பாட்டு டப்பா, துண்டு. அடியில் வயர்லெஸ் செட். அதன் பின்பக்கம் நான் வெட்டின வயரின் மிச்சம் நான்கு விரல் நீளத்துக்குத் தொங்கியது.

நான் எதிரில் உட்கார்ந்தேன். "அக்கா, செட்டு வேலை செய்யுதுன்னு நான் சொன்னது பொய்" என்று ஆரம்பித்தேன். முழுசாகச் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். அவள் அழவில்லை. துண்டை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அது அவரு இல்லன்னு. முதல் வார்த்தையிலயே தெரியும். எடை மேடையில உக்காந்து ஆறு மாசமா தினமும் அவரு குரலை செட்ல கேட்டிருக்கேன். மைக்கை அமுக்கினா முதல்ல ஒரு தடவை செருமுவாரு. செருமாம பேசவே வராது அவருக்கு. அது செருமவே இல்ல."

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"நீ ஏன்டா சொல்லல?"

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அதே ஆசைதான் இருந்திருக்கிறது. அவர்தான் என்று அத்தனை பேரும் சந்தோஷப்படும்போது, இல்லை என்று சொல்ல எந்தப் பொண்டாட்டிக்கு வாய் வரும்? நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவரைக் கொன்றோம். அவள் அதைச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

அப்போது அந்த நாற்றம் வந்தது.

அடுப்பு அணைந்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. நாற்றம் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து வந்தது.

நான் செட்டைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. வெட்டின வயர் எதையும் தொடாமல் காற்றில் நின்றது.

உள்ளே ஏதோ கரகரத்தது.

"எடுக்காத அக்கா," என்றேன்.

நாங்கள் பேசிய அத்தனையையும் அது கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

செட் ஒரு தடவை செருமியது.

"நான் இங்க இருக்கேன்," என்றது.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மைக்கை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள்.

"சொல்லுங்க," என்றாள். "எந்தப் பக்கம் தோண்டணும்?"